ஐயாயிரம் தொப்பிகள்

மலையிறக்கத்தில் பாதித் தூரம் வந்த பிறகுதான் ஒரு சப்பாத்தின் கயிற்றைக் கட்டாமல் வந்துவிட்டது தெரிந்தது. நின்று குனிந்தால், மேலே ஜன்னலில் நிற்கிற அண்ணை நான் திரும்பி வர யோசிக்கிறேன் என்று நினைத்துவிடுவார். அப்படியே நடந்தேன். நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி. பத்து மணிக்கு அவருடைய வீட்டைப் பார்வையிடத் துவக்கு அனுமதி அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறது. துவக்கும் வெடிமருந்தும் வைத்திருக்கிற வீட்டில், பெயர் பதியாத ஒருவன் படுத்து எழும்புகிறான் என்று கண்டால் அண்ணையின் வேட்டை அனுமதி போய்விடும். அந்த ஒருவன் நான். ஜேர்மனியில் நான் இருக்கவேண்டிய மாவட்டம் கிழக்கே, ரயிலில் அரை நாள் தூரம். அதை விட்டு வெளியே போகக்கூடாது என்று என் அகதிக் கடதாசியில் எழுதியிருந்தது. அண்ணை இருக்கிற வுப்பர்டாலுக்கு வந்து ஏழு மாதமாகியிருந்தது.

"பின்பாதையாலை போ. பஸ் தரிப்பிலை நிண்டு ஆக்களுக்கு மூஞ்சையைக் காட்டாதை," என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்தினார்.

நாற்பது சவர்க்காரக் கட்டியும், பதினான்கு புதுப் பல்தூரிகையும், அடுக்கடுக்காகத் தகரமீனும் கிடந்த வீடு. வழிக்கு ஒரு பிஸ்கற் தரவில்லை. எனக்குக் கோபமும் வரவில்லை. அந்த வீட்டுக்குள் போன எதுவும் வெளியே வந்ததை நான் கண்டதில்லை. முதலில் வெளியே வந்தவன் நான்தான்.

அண்ணைக்கு அப்போது ஐம்பது கடந்திருக்கும். உயர்ந்த, ஒடிசலான ஆள். கொக்கு தண்ணீரைப் பார்க்கிற மாதிரிக் கழுத்தை நீட்டி எதையும் பார்ப்பார். நகரத்துக்கு வெளியே, காட்டோரத்தில், வேட்டை இறைச்சி மட்டும் விற்கிற ஒரு கடையில் மானும் பன்றியும் உரிப்பது அவர் வேலை. பழைய முதலாளி ஓய்வு பெற்றபோது தன் தகப்பன் காலத்துத் துவக்கு ஒன்றை அவருக்குக் கொடுத்தார். அதற்குரிய ரவை எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. கிடைக்காது என்ற சொல் ஒன்று போதும் அண்ணைக்கு. அன்றைக்கே ரவைக்கு வேண்டிய சாமான்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார்.

ஒரு ரவை என்பது நான்கு சாமான். பித்தளைக் கோது. கோதின் அடியில் குத்துப்பட்டதும் பொறி தட்டுகிற சின்ன மூடி, அதை ஜேர்மன்காரர் குட்டித்தொப்பி என்பார்கள், அண்ணை தொப்பி என்பார். உள்ளே மருந்து. முன்னால் குண்டு. சுட்டபின் கோது மிஞ்சும். மற்ற மூன்றையும் புதிதாகப் போட்டால் மறுபடியும் ரவை. ஜேர்மனியில் இதற்கும் ஒரு வகுப்பு, ஒரு சோதனை, ஒரு ஷைன். அந்த ஷைனை, அதாவது அனுமதிப் பத்திரத்தை, அண்ணை கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். பக்கத்தில் பிள்ளையார்.

நிலவறை முழுக்கச் சாமான். ஆனால் வருடத்தில் அவர் சுடுவது இரண்டு ரவை. ஒன்று, துவக்கு நேராகப் போகிறதா என்று பார்க்க. மற்றது, சுடுகிற ஆள்தான் என்று மற்ற வேட்டைக்காரர்களுக்குக் காட்ட. இந்தக் கணக்கில், வைத்திருந்த மருந்து முடிய அவருக்கு ஐந்நூறு வயதாக வேண்டும்.

வுப்பர்டால் தமிழர் இதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். ஊரில் பொருளாதாரத் தடை இருந்தபோது நெருப்புப்பெட்டிக்கும் மண்ணெண்ணெய்க்கும் பட்ட பாடு மனதில் தங்கிவிட்டது, பாவம் மனிதன், என்பார்கள். தமிழ்க் கடை அக்கா இதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். நானும் நம்பினேன். ஒருநாள் சோறு போட்டுக் கொடுத்துக்கொண்டே, ஆறுதலாகக் கேட்டும் பார்த்தேன்.

"என்ன தடை? தடை வாறதுக்கு எவ்வளவோ முந்தி நான் வந்திட்டன். நீங்கள் அங்கை நெருப்புப்பெட்டிக்கு வரிசையிலை நிக்கேக்க நான் இஞ்சை பண்டி உரிச்சுக்கொண்டு நிண்டனான்."

"அப்ப ஏனண்ணை இவ்வளவு சாமான்?"

"ஆசை," என்றார். "உனக்குச் சிகரெட் மாதிரி. கறியைப் போடு."

அவருடைய மனிசி, தங்கையின் பிள்ளைப்பேறு பார்க்கப் பாரிசுக்குப் போனவர். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது. மனிசி திரும்பவில்லை. சண்டை ஒன்றுமில்லை. கிழமைக்கு ஒருமுறை போனில் பேசுவார்கள். "இருக்க இடம் வந்தால் சொல்லுங்கோ, வாறன்," என்று ஒவ்வொரு முறையும் அவர் சொல்லுவது எனக்கே கேட்கும். "ஓம், ஓம், அடுக்கிறன்," என்பார் அண்ணை. அடுக்குவார். அடுக்கியதும் இடம் வரும். இடம் வந்ததும் சாமான் வாங்கி வைப்பார்.

எந்தத் தமிழ் வீட்டையும் போல அங்கும் ஐஸ்கிரீம் பெட்டியில் ஐஸ்கிரீம் இருக்காது. ஆனால் மற்ற வீடுகளில் மீன்குழம்பாவது இருக்கும். வந்த புதிதில் பருப்பு அவிக்க நினைத்து ஒரு பெட்டியைத் திறந்தேன். செம்பு மினுங்கும் குண்டுகள், வடிவாக, இரண்டு கிலோ. பருப்பு எங்கே என்று கேட்டேன். குண்டு வாங்கிய பெட்டியில் இருக்கிறதாம். "கலக்காதை. பல்லுப் போயிடும்," என்று மட்டும் எச்சரித்தார்.

மருந்தில் மட்டும் இந்த விளையாட்டு இல்லை. அது வந்த டப்பாவிலேயே, பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. துவக்கு இரும்பு அலுமாரியில். இரண்டு திறப்பும் அவருடைய அரைநாண் கயிற்றில். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார். என்னைப் பெட்டிக்குக் கிட்டவும் விட்டதில்லை. "உன்னட்டை ஷைன் இல்லை. தொட்டால் ரெண்டு பேரும் உள்ளை," என்பார்.

வேட்டைச் சோதனையில் அவர் தேறிய கதை அந்தக் காட்டுப் பக்கத்தில் பிரபலம். ஜேர்மன் பிள்ளைகளே இரண்டு மூன்று தரம் தோற்கிற சோதனை அது. அண்ணை ஊரில் எட்டாம் வகுப்பு, நானும் கிட்டத்தட்ட அதுதான். ஒரு கிழட்டு அதிகாரி அவரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்தாராம். அந்தி நேரம், மானா மரையா தெரியவில்லை, என்ன செய்வாய்? சுடமாட்டேன். மேட்டின் உச்சியில் பன்றி, பின்னால் வெறும் வானம்? சுடமாட்டேன். தூரம் நூற்றைம்பது மீற்றர், காற்று, கை நடுக்கம்? சுடமாட்டேன். எல்லாம் சரியான விடை. இவ்வளவு கட்டுப்பாடுள்ள ஒருவனைத் தான் கண்டதில்லை என்று அதிகாரி கைகொடுத்தாராம். அண்ணை எனக்குச் சொன்னது இது: "அவன் கேக்கக் கேக்க, எனக்கு ஒவ்வொரு ரவையும் மிச்சம் எண்டுதான் பட்டது."

சுட்ட கோதைத் திரும்பப் பாவிக்க, கரி போகக் கழுவவேண்டும். மற்ற வேட்டைக்காரர்கள் அதற்குச் சுழலுகிற ஒரு யந்திரம் வைத்திருந்தார்கள். அண்ணை பழப்புளியைக் கரைத்து ஊறப்போட்டு, குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரித் தேய்ப்பார். பொன் தோற்றுவிடும். சுடுதளத்தில் மற்றவர்கள் விட்டுவிட்டுப் போகிற கோதுகளையும் பொறுக்கி வந்து மினுக்குவார். தன் துவக்குக்குப் பொருந்தாதவையும் உண்டு. வடிவாயிருக்கிறதாம்.

"மாசம் எட்டுக் கட்டிப் புளி," என்றார் கடை அக்கா. "தனி ஆள். வயிறு என்னத்துக்காகும் அண்ணை?"

"தின்னுறதுக்கில்லை அக்கா. பித்தளை மினுக்க."

"உவ்வளவு விளக்கோ வீட்டிலை!" அக்கா கையெடுத்துக் கும்பிடாத குறை. அடுத்த கிழமையே கோயில் சபையிலிருந்து இரண்டு பேர் வந்து, பக்தியுள்ள ஆள் என்று கேள்விப்பட்டோம், திருவிழாவுக்கு விளக்குகளைப் பொறுப்பெடுக்கவேண்டும் என்று கேட்டார்கள். அண்ணை மறுக்கவில்லை. எழுபது விளக்கை நான்தான் மினுக்கினேன்.

இன்னொரு விதமான பெயரும் இருந்தது. தமிழன், வீட்டில் வெடிமருந்து. இயக்கத்துக்குத்தான் சேர்க்கிறார் என்று கொத்துரொட்டிக் கடையில் கண்ணைக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் ஓர் ஆள் வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சந்நிதானத்துக்குள் இறங்குகிற மாதிரி நிலவறைக்குள் இறங்கினார். நீளத்துக்குப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த பன்றித் தலையைப் பார்த்தார்.

"அண்ணை, இது முழுக்க... பண்டிக்கோ?"

"சீ. பண்டிக்கு இவ்வளவு ஏன்? இது வைக்கிறதுக்கு."

அந்த ஆள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனவர்தான். பிறகு தெருவில் கண்டால் மறுபக்கம் போய்விடுவார்.

இரண்டு தெரு கீழே ஒரு கிழவர் இருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கத்துக் காட்டில் வேட்டையை நடத்துபவர் அவர்தான். நான் வருவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை தொப்பி முடிந்துபோய், அவசரத்துக்குப் பத்து இரவல் கேட்டு வந்தாராம். அண்ணை நிலவறை வாசலில் நின்றபடி, "இல்லை," என்றிருக்கிறார். அவருடைய முதுகுக்குப் பின்னால் ஐயாயிரம் தொப்பி, மட்டை மட்டையாய், கூரை வரைக்கும். தபால்காரர் பெட்டிகளைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார், போனார். இதை அண்ணையே எனக்குச் சொன்னார். வெட்கமில்லை. "பத்தைக் குடுத்தால் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. பிறகு அது ஐயாயிரம் இல்லையே," என்றார்.

கடிதம் ஒரு திங்கட்கிழமை வந்தது. வெள்ளி பத்து மணிக்கு டெர்மின், அதாவது வருகிற நேரம் குறித்தாயிற்று. துவக்கும் மருந்தும் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வருகிறார்கள். அண்ணை கதிரையில் இருந்துவிட்டார். வீட்டில் இவ்வளவுதான் மருந்து வைத்திருக்கலாம் என்று ஒரு எல்லை உண்டு. இவரிடம் அதைப்போல மூன்று மடங்கு. வாங்கியதெல்லாம் ஷைனில் பதிந்து வாங்கியது. ஒளிக்கவும் வழியில்லை. பிடிபட்டால் ஷைன் போகும், அதோடு வேட்டை அனுமதி போகும், துவக்கையும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

"எரிச்சுவிடுவம்," என்றேன்.

பெற்ற பிள்ளையைக் கிணற்றில் போடச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்தார். விடியும்போது முகம் தெளிந்திருந்தது. மருந்து டப்பாவில் கிடந்தால் ஒரு கணக்கு, ரவைக்குள் போய்விட்டால் அது வேறு கணக்காம். ரவையாக அறுநூறு வைத்திருக்கலாம், ஒருவரும் கேட்க ஏலாது. கையில் மூன்று நாள். இறைச்சிக் கடைக்கு வயிற்றுக்குத்து என்று சொல்லிவிட்டு அண்ணை நிலவறைக்குள் இறங்கினார். மருந்தை நான் தொடக்கூடாது என்பதால் எனக்கு வெளியே புளித்தண்ணி வேலை.

அரை மணித்தியாலம் போயிருக்காது, உள்ளேயிருந்து ஒரு சத்தம். ஓடிப்போனேன். அண்ணை தொப்பி மட்டைகளுக்கு நடுவில் குந்தியிருந்தார். ஐந்து வருடத்துக்கு முன், செத்துப்போன ஒரு வேட்டைக்காரனின் மனிசியிடம் மலிவாக வாங்கிய ஐயாயிரம். ஒரு மட்டையைக்கூட இதுவரை திறக்கவில்லை. திறந்தால் பாவிக்கத் தொடங்கின மாதிரி ஆகிவிடுமாம். வருடத்துக்கு வேண்டிய இரண்டுக்கு வேறு ஒரு சின்னப் பெட்டி இருந்தது. இப்போது திறந்தால், முழுவதும் கைத்துப்பாக்கித் தொப்பி. துவக்குக் கோதின் குழிக்குள் போட்டால் கலகலவென்று ஆடுகிறது.

"ஐயாயிரம், தம்பி," என்றார். "ஐயாயிரமும்."

வாங்கும் கடை இரண்டு கிழமைக்கு விடுமுறை. மிஞ்சியது ஒரே இடம். இரண்டு தெரு கீழே.

என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தனியே போகக் கால் வரவில்லை. தபால்காரர் கதவைத் திறந்தார்.

"கொஞ்சம் தொப்பி தேவைப்படுகிறது," என்றார் அண்ணை, ஜேர்மன் மொழியில், செருப்பைப் பார்த்தபடி.

"எத்தனை?"

"அறுநூறு."

தபால்காரர் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "இங்கே வா. இவர் என்னிடம் தொப்பி கேட்கிறார். வந்து பார்." அந்த அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மெய்யாகவே நின்று பார்த்தார். நல்ல நாளில் மழை பார்க்கிற மாதிரி.

பிறகு தபால்காரர் சொன்னார்: "தருகிறேன். சனிக்கிழமை என் வேட்டை. நீ வரவேண்டும். வந்து நிற்பதற்கல்ல, சுடுவதற்கு. என் காட்டைப் பன்றிகள் கிளறித் தின்கின்றன. நல்ல பன்றி முன்னால் வந்தும் நீ சுடாமல் நின்றால் அறுநூறையும் திரும்ப எடுத்துக்கொள்வேன். ரவையாக இருந்தாலும் ரவையாகவே."

அண்ணை தலையாட்டினார். தபால்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவர் யார்? நடப்பாரா? பன்றி கலைக்க ஆள் போதாது."

"மச்சான் முறை. நடப்பார். நடக்கிறதைத் தவிர வேறொன்றும் தெரியாது," என்றார் அண்ணை. உண்மை.

வியாழன் மாலைக்குள் எல்லாம் முடிந்தது. ஒவ்வொரு மருந்து டப்பா வெறுமையானபோதும் செத்தவீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி வெளியே வந்து தண்ணீர் குடிப்பார். கடைசியில் அறுநூறு ரவையையும் மேசையில் வரிசையாக நிறுத்தியதும், ஆள் மாறிவிட்டார். கொக்குக் கழுத்தை நீட்டி இந்தப் பக்கமிருந்து பார்த்தார், அந்தப் பக்கமிருந்து பார்த்தார். "டேய், இது வேறை ஒரு வடிவாக் கிடக்குதடா," என்றார்.

பிறகு கடிதத்தை இன்னொருமுறை வாசித்தார். வீட்டில் வேறு எவர் நடமாடுகிறார்கள் என்றும் கேட்பார்களாம். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"தம்பி," என்றார், "மருந்தை ரவைக்குள்ளை போட்டுட்டன். உன்னை எதுக்குள்ளை போடுறது?"

அதுதான் கதை. வெள்ளி காலை நான் அந்த மலையை இறங்கினேன். அன்றிரவு ரயில் நிலையத்துக் கதிரையில் படுத்தேன், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சனிக்கிழமை ஏழு மணிக்குக் காட்டோரத் தரிப்பிடத்தில் எனக்குச் செம்மஞ்சள் மேற்சட்டையும் ஒரு தடியும் தந்தார்கள். கூலியும் பகலுக்குச் சூப்பும். மாணவர்கள் சிலர், போலந்துக்காரர் இருவர், நான். வேட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து இறங்கினார்கள். அண்ணை இல்லை. தபால்காரர் பெயர் வாசித்தார். அண்ணை நின்று சுடவேண்டிய ஏழாம் நிலைக்குப் பதில் வரவில்லை. துவக்கைக் கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைத்தேன். அந்த அறுநூறையும் பெட்டியில் போட்டு, கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அப்போது அவருடைய பழைய வாகனம் இருமிக்கொண்டு வந்து நின்றது. பச்சைத் தொப்பி, தோளில் துவக்கு.

முறைப்படி எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டு வந்தார். எனக்கும் கொடுத்தார், முன்பின் தெரியாதவனுக்குப் போல, மரியாதையாக. கையை விடாமல் மெல்லச் சொன்னார்: "பாஸ். இப்பிடி மினுங்கிற கோதைத் தான் கண்டதில்லையெண்டு பார்க்க வந்தவன் போட்டோ எடுத்தவன்."

கொம்பு ஊதியது. நாங்கள் வரிசையாகப் புதருக்குள் நடந்தோம், மரத்தில் தடியால் தட்டிக்கொண்டு. ஜேர்மன்காரர் ஹோய் ஹோய் என்று கத்த, நான் ஊரில் மாடு கலைக்கிற மாதிரிக் கத்தினேன். பன்றிக்கு மொழி பேதமில்லை. ஏழாம் நிலைக்கு இடப்புறமாக நான் காட்டை விட்டு வெளியே வந்தபோது, பன்னச்செடித் திட்டுக்குள்ளிருந்து ஒரு பன்றி கிளம்பியது. தனி ஆண். வெள்ளைத் தந்தம். வெட்டைவெளியில், அண்ணைக்கு நேரே, பக்கவாட்டாக வந்து நின்றே விட்டது. ஐம்பது அடி. பின்னால் மண்மேடு. ஆள் இல்லை. இதற்கு மேல் ஒரு பன்றி செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அண்ணை துவக்கை எடுத்தார், கன்னத்தில் வைத்தார். பன்றி பார்த்தது, அண்ணை பார்த்தார். பன்றிக்கு அலுத்துவிட்டது. போய்விட்டது.

வேட்டை முடிந்ததும் தபால்காரர் நேரே வந்தார். தூரத்து நிலையிலிருந்து அண்ணை குறி வைத்ததைக் கண்டிருக்கிறார். பன்றியின் முதுகைக் கண்டிருக்கிறார். பன்னம் மறைத்ததால் மற்றதைக் காணவில்லை.

"ஏன் சுடவில்லை?"

"தாய்ப்பன்றி," என்றார் அண்ணை, கண்ணிமைக்காமல். "பின்னால் குட்டிகள்."

குட்டிகளோடு போகிற தாயைச் சுடுவது அங்கே பெரிய பாவம். ஆனால் தபால்காரர் முப்பது வருடம் பொய் விலாசங்களைப் பார்த்தவர். என் பக்கம் திரும்பினார். "நீ கிட்ட நின்றாய். குட்டிகள் இருந்தனவா?"

எல்லோரும் சூப்புக் கிண்ணத்தோடு என்னைப் பார்த்தார்கள். நேற்றுக் காலை என்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்திய மனிதர் கொக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

"மூன்று," என்றேன்.

தபால்காரர் தொப்பியைக் கழற்றி, அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இதுதான் வேட்டைக்காரன், என்று மற்றவர்களுக்குச் சொன்னார். அறுநூறும் உன்னுடையவை, என்றார்.

கூட்டம் விலகியதும் அண்ணை என் பக்கத்தில் வந்து நின்று, சூப்பை ஊதிக்கொண்டு, காட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"ஏன்ரா மூண்டு? நாலெண்டு சொன்னால் குறைஞ்சோ போயிடுவாய்?"